நாள் வரிசையும் நடவுக் காலமும்

முதுகலைப் பட்டம் பெறுவதற்குரிய விதிமுறைகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் அச்சாகியிருந்தாலும், அவற்றின் பெரும்பகுதி காலத்தைப் பற்றியே பேசுகிறது. எத்தனை பருவங்கள் பயில வேண்டும், ஒரு பருவத்தில் எத்தனை வேலைநாள்கள் இருக்க வேண்டும், ஒரு பாடம் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் நடத்தப்பட வேண்டும், அந்த நேரத்தில் எத்தனை விழுக்காடு மாணவர் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும், ஆய்வேட்டை எந்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று அவை வகுத்துச் சொல்வனவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஓர் இளைஞர் இரண்டு ஆண்டுகளை முறையாகச் செலவிட்டார் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் ஒப்புகையே பட்டம் என்று தோன்றும். 2008 முதல் 2010 வரை காவிரிப் படுகையின் சிறுநகரம் ஒன்றில், அரசு உதவிபெறும் கல்லூரியில் தமிழ் முதுகலை பயின்ற ஒரு மாணவியின் நினைவில் அந்த விதிகள் எவ்வாறு தங்கியிருக்கின்றன என்பதை இக்கட்டுரை எழுதிப் பார்க்கிறது. இந்நினைவுகளுக்கு உரியவர் இன்று வேறொரு கல்லூரியில் அதே பாடத்தைக் கற்பிப்பவர். எனவே வருகைப் பதிவேட்டில் பெயராக இருந்தும், அதே பதிவேட்டைக் கையில் வைத்திருந்தும் அந்த விதிகளை அறிந்தவர்.

2008-09 கல்வியாண்டு தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றுக்கு ஒரு புது முறையின் தொடக்க ஆண்டாக அமைந்தது. சி.பி.சி.எஸ். என்று சுருக்கி வழங்கப்பட்ட, மாணவர் சில பாடங்களையேனும் தாமே தேர்ந்துகொள்ள இடம் தருவதாகச் சொல்லப்பட்ட கிரெடிட் முறை அவ்வாண்டில்தான் அக்கல்லூரிகளுக்குள் நுழைந்தது. கிரெடிட் என்பது ஒரு பாடத்திற்கு விதி அளிக்கும் எடை ஆகும். வாரத்திற்குக் கூடுதல் நேரம் நடத்தப்படும் முதன்மைப் பாடத்திற்கு ஐந்து அல்லது நான்கு, விருப்பப் பாடத்திற்கு நான்கு அல்லது மூன்று என்று அது பகிரப்பட்டு, நான்கு பருவங்களின் முடிவில் ஏறத்தாழ 90 கிரெடிட் சேர்த்தவரே பட்டத்திற்குரியவர் ஆவார். முறை புதிது என்பதால் முதல் பருவத்தில் அதைப் பற்றி மாணவர் அறிந்ததைவிட ஆசிரியர் மிகுதியாக அறிந்திருந்தார் என்று சொல்ல இயலாது. பாடத்திட்ட நகல்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேரும் முன்பே வகுப்புகள் தொடங்கிவிட்டன. எந்தத் தாளுக்கு எத்தனை கிரெடிட் என்பதைத் துறைத்தலைவர் கரும்பலகையில் எழுதியும் அழித்தும் திருத்தியும் காட்டிய நாள்கள் அப்பருவத்தில் உண்டு.

மாணவியின் அன்றாடத்தை மாற்றியது கிரெடிட் கணக்கைவிட, அதற்கு அடிநிலமாக இருந்த டே ஆர்டர் என்னும் நாள் வரிசையே எனலாம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றின் பாடவேளை அட்டவணை கிழமைகளைப் பின்பற்றுவதில்லை. முதல் நாள் வரிசை தொடங்கி ஆறாம் நாள் வரிசை முடிய ஒரு சுழற்சி ஓடுகிறது. இடையில் ஒரு விடுமுறை வந்தால் அன்றைய பாடங்கள் இழக்கப்படாமல் அடுத்த வேலைநாளுக்கு நகர்ந்துகொள்ளும். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை, ஒரு சுழற்சிக்கு முப்பது, பருவத்தின் 90 வேலைநாள்களுக்குப் பதினைந்து சுழற்சி, ஆக 450 பாடவேளை என்று அந்தக் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதில் ஓர் அழகு உண்டு. அதை வகுத்தவர் கணக்கில் தேர்ந்தவராகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் சந்தை கிழமையைப் பார்த்துக் கூடியது. விதைப்பும் நடவும் மாதத்தையும் ஆற்று நீரையும் பார்த்து நடந்தன. காலையில் நகரப் பேருந்தின் பின்படிக்கட்டருகே நின்றவாறு, இன்று எந்த டே ஆர்டர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட மாணவியர், வீட்டுக்கு ஒரு நாள்காட்டியும் கல்லூரிக்கு ஒரு நாள்காட்டியுமாக இரண்டு காலங்களில் வாழ்ந்தார்கள்.

அவ்விரண்டு காலங்களும் மோதிக்கொண்ட இடம் வருகைப் பதிவேடு. ஒவ்வொரு பருவத்திலும் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுத இயலும் என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் பொது விதி. 90 நாளில் ஏறத்தாழ 22 நாள் வராமலிருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். அதற்குச் சற்றுக் கீழே இறங்கியவர்கள், வருகைக் குறைவைப் பொறுத்தருளும்படி விண்ணப்பித்து, கண்டொனேஷன் என்று மாணவர் நாவில் வழங்கிய கட்டணத்தைச் செலுத்தித் தேர்வு எழுதலாம். மேலும் இறங்கியவர்களிடம் மருத்துவச் சான்று கேட்கப்படும். அதற்கும் கீழே போனவர்கள் அப்பருவத்தையே மீண்டும் பயில வேண்டியிருக்கும். முதல் பாடவேளை தவறினால் அரைநாள் போய்விடும் என்பதால், வாய்க்கால் பாலத்தில் பேருந்து ஒன்று பழுதாகி நின்றாலும் அன்று ஒரு சிற்றூர் முழுவதற்கும் அரைநாள் குறைந்தது. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேளாண் கூலிக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள். சம்பா நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலி வீட்டுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கூலியே சில வேளைகளில் தேர்வுக் கட்டணமாகவும் ஆயிற்று. விதி உடல்நலக் குறைவை அறிந்திருந்தது, நடவை அறிந்திருக்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அந்த வகுப்பில் காய்ச்சல் மிகுதியாக இருந்தது. சான்றுகளைப் பெற்றுக்கொண்ட பேராசிரியர் அந்தக் காய்ச்சலின் பெயரை நன்கு அறிந்தவர். மாணவியரின் கை விரல் நகங்களில் படிந்திருந்த சேற்றின் நிறத்தை அவர் ஒருபோதும் விசாரித்ததில்லை.

வருகை என்னும் இந்த நிபந்தனை பட்டத்தோடு எப்போதும் ஒட்டிப் பிறந்ததன்று. 1857-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, அவை இலண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தோன்றின. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாக இருந்தது. தமிழ் கற்றவர்களுக்கோ அதற்கு வெளியிலும் வழிகள் இருந்தன. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியான தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வைக் கல்லூரியில் சேராமல் தாமே படித்தும் எழுத இயன்றது. வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மு. வரதராசன் 1935-இல் அவ்வாறு வித்துவான் தேர்வில் வென்று, பின்னர் கீழ்த்திசை மொழிகளுக்குரிய எம்.ஓ.எல். என்னும் முதுகலைப் பட்டத்தை 1944-இலும் முனைவர் பட்டத்தை 1948-இலும் பெற்று, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார். எத்தனை நாள் வகுப்பில் இருந்தார் என்று கேட்காத ஒரு வழியில் நுழைந்தவர் எழுதிய நூலின் வழியாகத்தான் இன்றைய முதுகலை மாணவர் பலர் தமிழ் இலக்கிய வரலாற்றை அறிகிறார்கள் என்பது, வருகைப் பதிவேட்டை மிகையாக மதிப்பவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆனால் வகுப்பறையே வேண்டா என்று கொள்வதும் முறையாகாது. 1970-களிலிருந்து அஞ்சல் வழிக் கல்வி தமிழகத்தில் பரவியபோது, பள்ளி ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களும் அஞ்சலில் வந்த பாடக்கட்டுகளைப் படித்து, விடுமுறை நாள்களில் நடந்த தொடர்பு வகுப்புகளுக்குச் சென்று முதுகலைப் பட்டதாரிகள் ஆனார்கள். பின்னர் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில், இளங்கலைப் பட்டம் பெறாதவரும் நேரே முதுகலையில் சேர இயன்றது. அம்மாணவி முதுகலை முதலாண்டில் இருந்தபோதுதான், 2009-இல், அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற அத்தகைய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளியில் பத்தாண்டு, மேல்நிலையில் இரண்டாண்டு, பட்டத்திற்கு மூன்றாண்டு என்னும் வரிசையில் ஒரு படியும் விடுபடலாகாது என்பது அதன்பின் அரசுப் பணி அறிவிக்கைகளில் அழுத்தமாக இடம்பெற்றது. ஊர் நூலகத்தில் நாள்தோறும் சந்திக்கும் ஒரு கிராம அலுவலக உதவியாளர், அவ்வாறு நேரடியாக எம்.ஏ. முடித்துத் தம் பெயருக்குப் பின்னால் அதை எழுதியும் வந்தவர், அந்தச் செய்தி வெளிவந்த நாளிதழை மேசையில் விரித்தபடி நெடுநேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தார். அவர் சங்க இலக்கியத்தை வகுப்பிலிருந்த பலரைவிட நன்றாக அறிந்தவர் என்பது அத்தீர்ப்புக்கு வேண்டாத செய்தி. பட்டம் என்பது முன்னே உள்ள பட்டத்தின் மேல் மட்டுமே நிற்கும் என்ற விதியின் கடுமையை அம்மாணவி முதன்முதலாக அங்கேதான் கண்டார்.

தேர்வைப் பற்றிய விதிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொரு தாளுக்கும் நூறு மதிப்பெண். அதில் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. அகமதிப்பீடு என்பது கல்லூரி ஆசிரியரே பருவத்திற்கிடையே நடத்தும் தேர்வுகள், ஒப்படைப்புக் கட்டுரை, வகுப்பில் எழுந்து நின்று பேசும் கருத்தரங்க உரை ஆகியவற்றுக்கு வழங்கும் மதிப்பெண். பல்கலைக்கழக வினாத்தாளோ இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று என்று கூட்டி 75 ஆக்கப்பட்டிருந்தது. இளங்கலையில் 40 விழுக்காடு தேர்ச்சிக்குப் போதுமானது. முதுகலையில் 50 வேண்டும். முதுகலை விடைத்தாள்கள் பெயரும் பதிவெண்ணும் மறைக்கப்பட்டு, டம்மி எண் இடப்பட்டு, இருவரால் தனித்தனியே திருத்தப்படுவதும், இருவர் தந்த மதிப்பெண்களுக்கிடையே வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் செல்வதும் பல இடங்களில் நடைமுறை. யாரென்று அறியாத ஒருவர் திருத்துகிறார் என்பதில் ஒரு நீதி இருந்தது. அகமதிப்பீட்டில் அந்த நீதி இல்லை. அங்கே ஆசிரியர் மாணவியின் முகத்தையும் ஊரையும் அறிவார், சில வேளைகளில் அந்த அறிதலே 25-இல் ஒன்றிரண்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. ஆயினும் கருத்தரங்க உரைக்கென்று ஒதுக்கப்பட்ட சில மதிப்பெண்கள் இல்லாவிடில், அவ்வகுப்பின் பெண்களில் பலர் இரண்டு ஆண்டுகளிலும் ஒருமுறையேனும் எழுந்து நின்று பேசியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரெடிட் முறை மதிப்பெண்ணின் பொருளையும் சற்றே மாற்றியது. ஐந்து கிரெடிட் தாளில் 62, மூன்று கிரெடிட் தாளில் 80 எடுத்தவருடைய சராசரி 71 என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். விதியோ 62-ஐ ஐந்தாலும் 80-ஐ மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, எட்டால் வகுத்து, 68.75 என்றே சொல்லும். எடை மிகுந்த தாள்கள் எவை என்று பார்த்தால் அவை பெரும்பாலும் தொல்காப்பியமும் சங்க இலக்கியமுமாக இருந்தன. மூன்று அதிகாரங்களும் இருபத்தேழு இயல்களும் கொண்ட தொல்காப்பியத்தை, எழுத்துக்கு ஒரு தாள், சொல்லுக்குச் சேனாவரையர் உரையோடு ஒரு தாள், பொருளுக்கு இரண்டு தாள் என்று பகிர்ந்து நான்கு பருவங்களிலும் நிறுத்தியிருந்தார்கள். சேனாவரையர் சொல்லதிகாரத்திற்கு மட்டுமே உரை செய்தவர். தமக்கு முன்னே நூல் முழுமைக்கும் உரை கண்ட இளம்பூரணரை மறுக்கும் இடங்களில் அவருடைய உரைநடை கூர்மை பெறுகிறது. அந்த மறுப்புகளை வரிவரியாகப் பிரித்து, ஒருவர் கூறுவது என்ன, மற்றவர் எதனால் உடன்படவில்லை என்று இரண்டு வாரம் ஒரே நூற்பாவில் நின்று நடத்திய பேராசிரியர், அட்டவணைப்படி முடிக்க வேண்டிய இயல்களில் பாதியை முடிக்கவேயில்லை. முடியாத பகுதிகளுக்கு மாணவியர் நகலகத்தில் விற்ற நோட்ஸை நம்பினார்கள். இன்று கற்பிக்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது, நோட்ஸில் படித்த இயல்கள் ஒன்றும் நினைவில் இல்லை, அந்த ஒரு நூற்பாவின் வாதம் மட்டும் முழுவதும் இருக்கிறது என்பதை அவர் மறைப்பதில்லை. பாடத்திட்டத்தை முடித்துவிட்டேன் என்று கையொப்பமிட வேண்டிய பதிவேட்டில் அப்பேராசிரியர் எவ்வாறு கையொப்பமிட்டார் என்பது வேறு செய்தி.

பிற துறையில் ஒரு பாடம் பயில வேண்டும் என்ற நிபந்தனை கிரெடிட் முறையின் பெருமையாகச் சொல்லப்பட்டது. தேர்வு மாணவருடையது என்று கையேட்டில் இருந்தது. நடைமுறையில் அந்த நேரத்தில் எந்தத் துறையில் ஆசிரியர் ஒருவர் ஓய்வாக இருந்தாரோ அந்தத் துறையின் பாடமே தமிழ் மாணவர் அனைவருடைய விருப்பமாயிற்று. அவ்வாண்டு அது வரலாற்றுத் துறையின் சுற்றுலாவியலாக இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எழுதுவதற்கு மிகுதியாக இருப்பது நான்காம் பருவத்தின் ஆய்வேடு பற்றித்தான். பிராஜெக்ட் என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அது, மாணவர் ஒரு நெறியாளரின் கீழ் ஒரு தலைப்பைத் தேர்ந்து, குறிப்பிட்ட பக்க அளவுக்குள் எழுதி, நூலாகக் கட்டி ஒப்படைத்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னிலையில் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் அதற்கு விடை சொல்ல வேண்டிய ஒரு தாள். தலைப்பு பருவத் தொடக்கமாகிய டிசம்பரில் உறுதியாகும், ஏப்ரலில் ஒப்படைப்பு. சங்கப் பாடலையோ ஒரு நாவலையோ எடுத்துக்கொள்பவருக்கு இந்த நான்கு மாதம் போதும். நூல் எந்த மாதத்திலும் நூல்தான். அம்மாணவி எடுத்துக்கொண்டது நடவுப் பாடல்கள்.

படுகையின் பயிர்க்காலம் மேட்டூர் அணை திறப்பைப் பொறுத்தது. சூன் 12 அதற்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள். நீர் நேரத்தில் வந்தால் குறுவையும் அதை அடுத்துத் தாளடியும், பிந்தினால் சம்பா ஒன்றுமே ஆகும். எப்படியானாலும் நடவு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். மார்கழியில் கதிர் தலைசாயும், தையிலும் மாசியிலும் அறுவடை. நெறியாளர் தலைப்பில் கையொப்பமிட்ட நாளில் ஊரில் நடவு எங்கும் இல்லை. எனவே களப்பணி என்பது வயலில் நடக்க வேண்டியதற்கு மாறாகத் திண்ணைகளிலும் மாரியம்மன் கோயில் முகப்பிலும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நிழல் மரங்களுக்கு அடியிலும் நடந்தது. துறையிலிருந்து கையொப்பமிட்டு வாங்கிய டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து, வயதான பெண்களைப் பாடும்படி கேட்டபோது, அவர்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு முதலடியைத் தொடங்கி நிறுத்தினார்கள். "வயலுல எறங்குனாத்தான் ஆயி பாட்டு வரும், இங்க ஒக்காந்து பாடுனா ஒப்பாரி மாரில்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னது அந்த ஆய்வேட்டின் எந்த இயலைவிடவும் பொருள் பொதிந்தது. நடவுப் பாட்டு என்பது முதுகு வளைந்து, பின்னோக்கிக் காலெடுத்து வைத்து, இடக்கை முடிச்சிலிருந்து வலக்கை நாற்றைப் பிரித்து ஊன்றும் வேகத்தில் கட்டப்பட்டது. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்லும் இடைவெளியில் மூச்சுக்கு இடமிருக்கும். உட்கார்ந்து பாடும்போது அந்த இடைவெளிகள் சுருங்கின, அடிகள் இடம்மாறின, சில பாடல்கள் பாதியில் தாலாட்டாகத் திரும்பின. நா. வானமாமலை தொடங்கித் தமிழில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர்கள் சூழலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள் என்பதை ஆய்வியல் நெறிமுறைத் தாளில் மாணவி படித்திருந்தார். சூழல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது எத்தாளிலும் இல்லை.

அதே ஆண்டுகளில் நடவு முறையும் மாறிக்கொண்டிருந்தது. வேளாண் துறை பரப்பிய ஒற்றை நாற்று நடவில், ஏறத்தாழ இரண்டு வாரமே ஆன இளநாற்றைக் கயிறு பிடித்துச் சதுரக் கணக்கில் ஊன்ற வேண்டும். கண் கயிற்றின் அடையாளத்தின் மேல் இருக்க வேண்டியிருப்பதால் பாட்டுக்கு அங்கே பொருத்தம் குறைவு என்று பெண்கள் சொன்னார்கள். இதுவே ஒரு தனி ஆய்வுக்கு உரிய செய்தி. ஆனால் அதை நேரில் பார்க்க அடுத்த புரட்டாசி வரை காத்திருக்க வேண்டும். பருவமோ ஏப்ரலில் முடிந்துவிடும்.

தட்டச்சு நகரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் நடந்தது. பாமினி எழுத்துருவில் விரைந்து அடிக்கும் அந்தப் பெண்ணுக்கு இலக்கணக் கட்டுரைகள் பழக்கம். வட்டார வழக்கில் பாடப்பட்ட அடிகளையெல்லாம் அவர் நல்லெண்ணத்தோடு செந்தமிழாகத் திருத்திவிடுவார், மாணவி அவற்றை மீண்டும் கொச்சைக்குத் திருப்பித் தரச் சொல்லுவார். நெறியாளர் சான்றிதழ், இவ்வாய்வேடு இதற்கு முன் எந்தப் பட்டத்திற்கும் அளிக்கப்படவில்லை என்னும் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், முன்னுரை, இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்னும் வரிசையை மாற்றலாகாது. பக்க வரம்பு ஒன்று இருந்தது. எழுதி முடித்தபோது ஆய்வேடு அதைக் கடந்து நின்றதால் எதை விடுவது என்ற கேள்வி எழுந்தது. நன்றியுரையை விட இயலாது, இயல்களை விட இயலாது, ஆகவே பின்னிணைப்பு விடப்பட்டது. பின்னிணைப்பில் இருந்தவை பாடல்கள். பாடல்களைப் பற்றிய ஆய்வேடு பாடல்கள் இல்லாமல், கருநீல ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்து அச்சிட்டு மூன்று படிகளாக நூற்கட்டுச் செய்யப்பட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஏட்டைப் பின்னாலிருந்து திறக்கும் பழக்கம் உள்ளவர். துணைநூற்பட்டியலோடு ஏடு முடிந்திருப்பதைக் கண்டு, பாட்டெல்லாம் எங்கேம்மா என்று கேட்டார். பக்க வரம்பு என்று நெறியாளரே விடை சொன்னார். பாடலுக்குப் பக்க வரம்பு பார்த்த பல்கலைக்கழகத்தைத் தாம் இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, தேர்வாளர் திண்ணையில் பாடியதற்கும் வயலில் பாடியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே எஞ்சிய நேரம் முழுவதும் கேட்டார்; ஆய்வேட்டில் ஒரு பத்தியாக மட்டும் இருந்த அதை மாணவி வாய்மொழியாக விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளில் அவர் தம்முடைய சொந்தக் கருத்து ஒன்றைக் கற்றவர் முன்னிலையில் காத்துநின்று பேசிய ஒரே தேர்வு அதுதான். அதன் கிரெடிட், இரண்டு மதிப்பெண் வினாக்களால் நிரம்பிய பிற தாள்களின் கிரெடிட்டுக்கு மிகுந்ததன்று.

பட்டத்தின் தேர்ச்சி விழுக்காடு 50 என்று பல்கலைக்கழக விதி சொன்னாலும், பட்டம் எதற்குப் பயன்பட வேண்டுமோ அந்த வாயில்களில் வேறு எண்கள் எழுதப்பட்டிருந்தன. கல்லூரி ஆசிரியர் ஆவதற்குரிய நெட், செட் என்னும் தகுதித் தேர்வுகளை எழுதப் பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், சட்டப்படி தளர்வு பெற்ற பிரிவினருக்கு 50. பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதற்கு பி.எட். வேண்டும், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், இல்லாவிடில் கிராஸ் மேஜர் என்று விண்ணப்பம் ஒதுக்கப்படும். 51 விழுக்காட்டில் தேர்ச்சி பெற்ற தோழியர் சிலர் தேர்ச்சி பெற்றும் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். அரியர் வைத்து, அடுத்த பருவங்களில் மீண்டும் எழுதி மேலே வந்தவர்களும் உண்டு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே ஓராண்டுப் படியாக இருந்த எம்.ஃபில். அப்போது எல்லாருடைய அடுத்த நிறுத்தமாக இருந்தது. 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டன. ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் பயிலக் கூடாது என்ற நெடுநாள் தடையும் அதே ஆண்டில் நீங்கியது. 2024-இல் அக்குழு வெளியிட்ட முதுகலைக்கான கட்டமைப்பில், நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர் ஓராண்டிலேயே முதுகலைப் பட்டம் பெற இடமுண்டு. களத்தில் பயிர் ஒன்று முளைத்து முற்றும் காலத்திற்குள் முதுகலை ஆய்வு எவ்வாறு முற்றும் என்பதை அந்த ஓராண்டுத் திட்டத்தை வகுத்தவர்களே விளக்க வேண்டும்.

இன்று அவர் பணியாற்றும் கல்லூரி தன்னாட்சி பெற்றது. அதாவது பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை உடையது. பாடத்திட்டக் குழுவில் உறுப்பினரான பிறகு, ஆய்வேட்டின் தலைப்பும் நெறியாளரும் மூன்றாம் பருவத் தொடக்கமாகிய சூன் மாதத்திலேயே உறுதி செய்யப்பட வேண்டும் என்றும், பின்னிணைப்பு பக்க வரம்பில் சேராது என்றும் இரண்டு திருத்தங்களை அவர் முன்வைத்தார். இரண்டாவது விவாதமின்றி ஏற்கப்பட்டது. முதலாவது நின்றுபோயிற்று: மூன்றாம் பருவத்தில் வாரத்திற்குரிய முப்பது மணி நேரமும் ஏற்கெனவே பிற பாடங்களுக்குப் பகிரப்பட்டுவிட்டது, நேரமில்லாத பாடத்திற்குக் கிரெடிட் இல்லை, கிரெடிட் இல்லாத வழிகாட்டலை ஆசிரியரின் வாரப் பணிச்சுமையில் காட்ட இயலாது. ஒவ்வொரு காரணமும் தன்னளவில் சரியானதே. எனவே இப்போது தலைப்புகள் சூலையில் அலுவல்முறையின்றி ஒரு தாளில் எழுதிச் சுற்றுக்கு விடப்படுகின்றன. டிசம்பரில் அவையே முறைப்படி புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

களத்திற்குச் செல்லும் நாள்களை வருகையாகக் கொள்ள ஆன் டியூட்டி (ஓ.டி.) என்னும் ஏற்பாடு உதவுகிறது. விளையாட்டுக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்திற்கும் தரப்படும் ஓ.டி.யைத் தமிழ்த்துறை களப்பணிக்கும் கேட்டுப் பெற்றிருக்கிறது. படுகையின் நடவைப் பல ஊர்களில் இப்போது இயந்திரமும் மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர் குழுக்களும் செய்கின்றன. வயலில் தாம் கேட்ட பாட்டு வங்காளப் பாட்டு என்று குறிப்பேட்டில் எழுதிவந்த மாணவர்களும் உண்டு, அதுவும் ஆய்வுப்பொருளே என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சென்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு புரட்டாசியில், மாணவி ஒருவர் தம் தாயோடு கூலி நடவுக்குச் சென்று, கூலியையும் வாங்கிக்கொண்டு, அங்கே முதிய பெண்கள் பாடியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து, ஓ.டி. படிவத்தை நீட்டினார். கூலி பெற்ற நாளைக் களப்பணி நாளாகக் கொள்ளலாமா என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விதிப்புத்தகம் எடுத்துவரப்பட்டது, அதில் கூலியைப் பற்றி ஒன்றும் இல்லை. படிவத்தில் கையொப்பமிடப்பட்டது, அவர் கேட்ட எல்லா நாளுக்கும்.